சமன் அனுப்பிய பெட்டி

உலகம்மாள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். ஏன்? அதற்குப் பதிலாக ஒரு புதன்கிழமை காலையில் அவள் வீட்டு வாசலில் பெரிய அட்டைப்பெட்டி ஒன்று வந்து இறங்கியது.

கொண்டு வந்தவன் கைரேகை வாங்கிக்கொண்டு போய்விட்டான். பெட்டிமேல் அரசு முத்திரை இருந்தது. அதற்குக் கீழே, "தங்கள் விளக்கம் உள்ளே உள்ளது" என்று அச்சடித்திருந்தார்கள். கடுதாசி ஏதாவது இருக்கும் என்று நினைத்து அரிவாள்மணையால் ஒட்டுநாடாவைக் கிழித்தாள். உள்ளே ஆறு பழுப்புநிறப் பலகைகள், ஒரு பச்சைத் தகடு, ஒரு சின்னத் திரை, காற்றாடி ஒன்று, வயர்கள், பொட்டலம் பொட்டலமாகத் திருகுகள். ஒரு கையேடும் இருந்தது. கடுதாசி இல்லை.

சொரிமுத்து கட்டிலில் உட்கார்ந்தபடி எட்டிப் பார்த்தார். "என்னட்டி, பதிலு இவ்வளவு கனமா இருக்கு?" என்றார்.

சொரிமுத்து கல்யாண வீட்டுச் சமையல்காரர். ஆயிரம் பேருக்கான சாம்பாருக்குக் கண் அளவிலேயே உப்புப் போட்ட மனுஷன். நாலு வருஷத்துக்கு முன்னால் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், இப்போது ஒரு நாளைக்கு எத்தனை மடக்குத் தண்ணீர் என்று எண்ணிக் குடிக்கிறார். சிவந்திநல்லூர் டயாலிசிஸ் மையத்தில் ஆறு நாற்காலிகள். செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் அதில் ஒன்றில் போய்ப் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவார். அந்த மூன்று நாளால்தான் உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்பு அவர் போனுக்கு ஒரு செய்தி வந்தது. வாரம் இருமுறை அவருக்குப் போதுமானது, இனிமேல் சனிக்கிழமை கிடையாது. அனுப்பியது சமன். மாவட்டம் முழுக்க யாருக்கு எந்த நாற்காலி, எத்தனை மணி நேரம் என்று பிரித்துக் கொடுக்கும் எந்திரத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் அது. எல்லாரையும் சமமாக நடத்துமாம். செய்தியைப் படித்துவிட்டு சொரிமுத்து, "சமன்னா எமனுக்கு இன்னொரு பேருன்னு இவங்களுக்கு யாரும் சொல்லலை போல" என்றார். உலகம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் பதினாலு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள். டிக்கெட்டை பஸ்ஸே வாங்கிக்கொள்ளும் காலம் வந்த பிறகு, பணிமனையில் பயணிகள் விட்டுப்போன குடைகளுக்கும் பைகளுக்கும் காவல் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். வேலை போனாலும் குரல் போகவில்லை. மையத்துக்குப் போய்ச் சத்தம் போட்டாள். அங்கே இருந்த டெக்னீசியன் சகாயம், தனக்கு ஒன்றும் தெரியாது, திரையில் வருகிற பெயரைக் கூப்பிட்டு ஊசி போடுவதுதான் தன் வேலை என்றான். மாவட்ட அலுவலகத்துக்குப் போனாள். விளக்கம் பெறும் உரிமைச் சட்டம் என்று ஒன்று இருப்பதாகவும், அதன்படி மனு கொடுக்கலாம் என்றும் சொன்னார்கள். கொடுத்தாள். அதன் பிறகு சனிக்கிழமையும் அவர் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் அது எத்தனை நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை.

அந்த மனுவுக்கு வந்த பதில்தான் இப்போது தரையில் பரப்பிக் கிடந்தது.

கையேட்டின் முதல் பக்கத்தைப் படித்தபோதே அவளுக்குக் காது சூடாகிவிட்டது. மூடிய பெட்டிக்குள் இருந்துகொண்டு எந்திரம் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று என்றைக்கோ ஒரு நீதிமன்றம் சொன்னதாம். ஆகவே மனுதாரரின் வழக்கைத் தீர்மானித்த எந்திரத்தின் நகல் ஒன்று, ஒளிவு மறைவில்லாத கண்ணாடிப் பெட்டியில் அனுப்பப்படுகிறது. எதுவும் மறைக்கப்பட்டதாக ஐயம் எழாதிருக்க, மனுதாரர் தம் கையாலேயே பாகங்களைச் சேர்த்து அதைப் பூட்டிக்கொள்ளலாம்.

"நான் ஏன்னு கேட்டா, நீயே செஞ்சு பாத்துக்கோங்கான்" என்றாள்.

முதல் நாள் முழுக்க அவள் அந்தப் பழுப்புப் பலகைகளை மரம் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிப் பெட்டி என்று போட்டிருக்கிறதே, கண்ணாடி எங்கே என்று மூன்று முறை அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். பிறகுதான் ஒரு பலகையின் மூலையில் காகிதம் லேசாகப் பிரிந்திருப்பது கண்ணில் பட்டது. நகத்தால் கிள்ளி இழுத்தாள். இரண்டு பக்கமும் ஒட்டியிருந்த காகிதம் இழை இழையாக வந்தது. உள்ளே அக்ரிலிக், தண்ணீர் மாதிரி. ஆறு பலகையையும் உரித்து முடித்தபோது நகக்கண்ணெல்லாம் எரிந்தது. உரித்த இடமெல்லாம் அவள் விரல்ரேகை.

அடிப்பலகையில் நாலு பித்தளைக் கால்களைத் திருகி, அதன்மேல் பச்சைத் தகட்டை உட்கார வைக்க வேண்டும். அவள் பலகையைத் தலைகீழாக வைத்துத் திருகிவிட்டாள். வயர் நுழைகிற ஓட்டை எதிர்ப்பக்கம் போய்விட்டது. எல்லாவற்றையும் கழற்றி மறுபடியும் ஆரம்பித்தாள். காற்றாடி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கையேட்டில் இல்லை. சொரிமுத்து, நாளைக்குச் செய்யலாம், விடு என்றார். அவள் விடவில்லை. ஒவ்வொரு திருகிலும் யாரோ ஒருத்தன் கழுத்தை நினைத்துக்கொண்டு திருகினாள்.

மறுநாள் மத்தியானம் முன்பலகையின் மேல்மூலைத் திருகு கொஞ்சம் ஆடுகிற மாதிரி இருந்தது. பஸ் ஜன்னல் கம்பியை முறுக்குகிற பலத்தில் ஒரு முறுக்கு முறுக்கினாள். சடக்கென்று ஒரு சத்தம். மூலையிலிருந்து நடுவரைக்கும் கோடு ஓடிவிட்டது.

அவளுக்கு அழுகை வந்தது. அழுகை வந்ததே என்று கோபம் வந்தது. கையேட்டில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு, எடுத்த பெண்ணிடம் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினாள். அந்தப் பெண் முழுவதையும் கேட்டுவிட்டு, மாற்றுப் பலகை அனுப்புவோம், நாற்பது நாள் ஆகும் என்றாள். அதுவரைக்கும் என் வீட்டுக்காரர் கதி என்ன என்று உலகம்மாள் கேட்டாள்.

"அதுவரைக்கும் பழைய ஏற்பாடுதாம்மா. விளக்கம் முடியுற வரைக்கும் முடிவு அமலுக்கு வராது."

"மூணு நாளா?"

"மூணு நாள்தான்."

எப்போது விளக்கம் முடிந்ததாக அர்த்தம் என்று அவள் நிதானமாகக் கேட்டாள். ஆறு பலகையும் பூட்டி, மூலையில் இருக்கிற தொடுமுனைகள் ஒன்றையொன்று தொட்டு, மனுதாரர் திரையில் கட்டைவிரலை வைத்ததும் முடிந்துவிடும் என்றாள் அந்தப் பெண். மறுநாள் காலையிலிருந்து முடிவு அமலாகும். பூட்டுவதற்குக் கெடு எதுவும் கிடையாது, குடிமக்கள் வசதிப்படி செய்யலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது என்று பெருமையாக வேறு சொன்னாள்.

உலகம்மாள் போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த உடைந்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டவன் வாயை அவன் கையாலேயே பூட்டச் சொல்லிப் பெட்டி அனுப்பியிருக்கிறான்கள். பார்த்துவிட்டால் ஒத்துக்கொண்ட மாதிரி.

மாற்றுப் பலகை நாற்பது நாளுக்கு முன்னதாகவே, மூன்றாவது வாரத்தில் வந்துவிட்டது. அதையும் உடைத்தாள். இந்தத் தடவை தெரிந்தே உடைத்தாள். ஆயுசில் ஒரு டிக்கெட் குறைத்துக் கிழித்தவள் இல்லை. ஆனாலும் போனில் "கை பழகலைம்மா, தெரியாம உடைஞ்சிட்டு" என்று சொல்லும்போது அவள் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

அடுத்த பலகை வந்த நாலாம் நாள், ரிஃபாய் என்று ஒருத்தன் வந்தான். முப்பது வயது இருக்கும். முழுக்கைச் சட்டை, தோளில் ஒரு கருவிப்பை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பதாகச் சொன்னான். பெட்டி பூட்ட முடியாமல் அக்கா சிரமப்படுவதாகக் கேள்விப்பட்டேன், இது என் தொழில், சும்மாவே பூட்டித் தருகிறேன் என்றான். அவளுக்கு எரிச்சல் மூண்டது. வேண்டாம் என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்கிற பயமும் இருந்தது. உட்காரச் சொன்னாள்.

அவன் வேலை செய்வதைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவள் பூட்டியதையெல்லாம் பொறுமையாகக் கழற்றினான். பலகையை விளிம்பில் மட்டும் பிடித்தான். அக்ரிலிக்கை இரும்பு மாதிரி முறுக்கக் கூடாது, திருகு பிடித்ததும் அரைச் சுற்று, அதோடு நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே பூட்டினான். காற்றாடியை வெளிப்பக்கம் பார்க்க வைத்தான். வயர்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டினான். ஒரு பக்கப் பலகை மட்டும்தான் பாக்கி.

அந்த நேரத்தில் உள்ளே இருந்து சொரிமுத்து, வந்த பிள்ளைக்குக் குடிக்கக் கொடு என்றார். உலகம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். ரிஃபாய் ஒரே ஒரு மடக்கு வாங்கி, உடனே விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தான். நாக்கையும் கன்னத்தையும் நனைத்துவிட்டு மெதுவாக இறக்கினான். செம்பைத் தள்ளி வைத்தான்.

அப்படித் தண்ணீர் குடிக்கிற ஒருவரோடு அவள் நாலு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறாள்.

அவன் இடதுகை மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். சட்டைத் துணிக்கு அடியில், புடைத்த நரம்புக்குள் ரத்தம் குறுகுறுவென்று ஓடுவது விரலில் தெரிந்தது. ஊசி போடுவதற்காக நரம்பைச் சேர்த்துத் தைத்த கை. சொரிமுத்துவின் கை தூக்கத்தில் மேலே படும்போது இதே அதிர்வுதான்.

"உனக்கு எத்தனை நாளு?" என்று கேட்டாள்.

அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு. மூணாவது ஒதுக்கியாச்சுன்னு செய்தி வந்துச்சு. சனிக்கிழமை. யாரோ மனுப் போட்டுருக்காங்க, முடியட்டும்னாங்க. நாலு மாசமாச்சு."

"யார்னு விசாரிச்சுக்கிட்டு வந்துட்டே. என் வீட்டுக்குள்ளயே உக்காந்து என் புருஷனுக்குக் குழி தோண்டுதே."

"நீங்க ஒரு பலகை உடைக்கிறப்போ எனக்கு ஒரு மாசம் மூச்சு முட்டுதுக்கா" என்றான் ரிஃபாய். அவன் குரலும் உயர்ந்துவிட்டது. "படுக்க முடியலை. உக்காந்துக்கிட்டே தூங்குதேன். எனக்கு மட்டும் என்ன, ஆசையா?"

இரண்டு பேரும் மாறி மாறிப் பேசினார்கள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் சொரிமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, இருவருக்கும் நடுவே தரையில் உட்கார்ந்தார். "தம்பி, இதுக்குள்ள உண்மையிலேயே பதிலு இருக்கா? இருந்தா, மூடாம காட்டு" என்றார்.

பக்கப் பலகை மாட்டாமலேயே ரிஃபாய் மின்சாரம் கொடுத்தான். காற்றாடி சுற்றியது. நீலமும் பச்சையுமாக விளக்குகள் எரிந்தன. திரையில் பக்கம் பக்கமாக எண்களும் கோடுகளும் ஓடின. உலகம்மாள் தனியாக இதைப் பூட்டியிருந்தால் இந்த விளக்குகளைத்தான் பார்த்திருப்பாள். ரிஃபாய் ஒரு சாவிப்பலகையைச் செருகி, எந்தக் காரணம் எவ்வளவு கனம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனான். ஓரிடத்தில் நின்றான். சத்தமில்லாமல் படித்தான். பிறகு அவள் பக்கம் திருப்பினான்.

நோயாளி நான்கு முறை வரவில்லை. பாதிப்பு ஏதும் பதிவாகவில்லை.

அவ்வளவுதான் காரணம். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

நாலு தடவையும் அவளுக்கு நினைவிருந்தது. இரண்டு தடவை வெள்ளத்தில் பாலம் மூழ்கி வழி இல்லை. ஒரு தடவை பஸ் வேலைநிறுத்தம். இன்னொன்று, தங்கச்சி மகள் கல்யாணத்துக்குத் தன் கையால் தேங்காய்ப்பால் சொதி வைத்தே தீருவேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தது. அந்த ஒவ்வொரு தடவையும் அவர் கால் பூசணியாக வீங்கி, விடிய விடியச் சுவரில் சாய்ந்து மூச்சுக்குத் தவித்தார். அவள் விசிறிக்கொண்டே இருந்தாள். பிழைத்தாரே என்று கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டாள்.

"உசுரோட இருந்தது தப்பா?" என்று அந்தப் பெட்டியைப் பார்த்துக் கேட்டாள். "செத்திருந்தா குடுத்திருப்பியா?"

ரிஃபாய் தலையைக் குனிந்துகொண்டான். இதுக்கு வந்தாரா, வரலையாங்கிறது மட்டும்தான் தெரியும்க்கா, எப்படிப் பிழைச்சாருன்னு யாரும் அதுக்குச் சொல்லலை என்றான். பக்கப் பலகையை எடுத்துக் காகிதத்தில் சுற்றி ஓரமாக வைத்தான். பூட்டவா என்று கேட்கவில்லை.

யோசனை சொன்னது சொரிமுத்துதான். பந்தியில் இலை ஒன்று, ஆள் இரண்டு என்றால் என்ன செய்வோம்? மாற்றி மாற்றித்தானே உட்காருவோம்? ஒரு சனிக்கிழமை நான், அடுத்த சனிக்கிழமை நீ. உலகம்மாள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் சரி என்றாள். அந்தப் பையன் உட்கார்ந்துகொண்டே தூங்குகிறான் என்பதுதான் அவளை அறுத்தது. அப்படித் தூங்குகிறவரைப் பார்த்தவள் அவள்.

ஒன்றில் மட்டும் எல்லாரும் உஷாராக இருந்தார்கள். சொரிமுத்து வரவில்லை என்று பதிவானால் அதையே பிடித்துக்கொண்டு சமன் மறுபடியும் கழுத்தை அறுக்கும். ஆகவே ரிஃபாய் உட்காருகிற சனிக்கிழமையிலும் சொரிமுத்து வந்ததாகத்தான் பதிவாக வேண்டும். சகாயம் முதலில் மாட்டேன் என்றான். பிறகு ரிஃபாயின் முகவீக்கத்தைப் பார்த்துவிட்டு, வந்தார் என்றே பதிந்தான்.

மூன்று மாதம் அப்படி ஓடியது. சொரிமுத்துவுக்கு வீக்கம் கொஞ்சம் கூடியது, தாங்கிக்கொண்டார். ரிஃபாய்க்கு முகம் தெளிந்தது. படுத்துத் தூங்குகிறேன் என்று சொல்லி ஒரு நாள் வீட்டுக்கு வந்து, சொரிமுத்துவோடு உட்கார்ந்து உப்பில்லாத உப்புமா சாப்பிட்டான். இரண்டு பேரும் உப்பைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். உலகம்மாளுக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் கோபம் தணிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரிஃபாய் போனை நீட்டிக்கொண்டு வந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. சமனிடமிருந்து வந்த செய்தி. வாரம் இருமுறை சிகிச்சையிலேயே அவருடைய ரத்த அளவீடுகள் மூன்று மாதமாக முன்னேறியுள்ளன. ஆகவே காத்திருக்கும் மூன்றாவது நாள் தேவையில்லை என ரத்து செய்யப்படுகிறது. அதோடு நிற்கவில்லை. இதே போன்ற உடல்நிலை உள்ள மற்றவர்களுக்கும் வாரம் இரண்டு போதும் என்று இந்த அளவீடுகள் காட்டுகின்றன. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

சகாயத்துக்குப் போன் போட்டார்கள். மொத்தம் பதினோரு பேருக்கு மூன்றாவது நாள் போய்விட்டது என்றான். அதில் ஒருத்தி பேச்சித்தாய். பத்தொன்பது வயது, நர்சிங் படிக்கிற பிள்ளை.

சொரிமுத்துவின் பெயரில் ரிஃபாய் உட்கார்ந்த சனிக்கிழமைகள் சமனுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், இரண்டே நாளில் ஒருத்தன் தேறிவிட்டான் என்பது. இவர்கள் மறைத்தது பதினோரு பேர் தலையில் விடிந்திருந்தது. விந்தை என்னவென்றால் சொரிமுத்துவின் மூன்று நாள் மட்டும் பத்திரமாக இருந்தது. அவர் பெட்டிதான் இன்னும் மூடவில்லையே.

"சொல்லிருவோம்" என்றாள் உலகம்மாள்.

சொன்னால் அந்தச் சனிக்கிழமைகளெல்லாம் வராத நாளாக ஏறும், மனு தள்ளுபடியாகும், மாமாவுக்கு இரண்டுதான் என்று ரிஃபாய் எச்சரித்தான். அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் ரொம்ப நேரம் தன் கையில் துடிக்கிற நரம்பையே தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் பிள்ளைக்குப் பத்தொன்பது வயசுட்டி" என்றார்.

திங்கட்கிழமை காலை அவள் மையத்துக்குப் போனாள். திங்கள் ரிஃபாயின் நாள். அவன் உள்ளே நாற்காலியில் கிடந்தான். நடைக்கூடத்தில் நோயாளிகளின் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். செய்தி வந்த வீட்டுக்காரர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சகாயம் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பெயரை அவள் சொல்லவில்லை. பஸ்ஸில் கடைசி சீட்டுவரைக்கும் கேட்கிற அந்தக் குரலில், மற்றதையெல்லாம் முதலிலிருந்து சொன்னாள். பெட்டி வந்தது, பலகையைத் தெரிந்தே உடைத்தது, இரண்டு பேர் ஒரு நாற்காலியைப் பங்கு போட்டது.

பேச்சித்தாயின் அம்மா மாடத்தி எழுந்து வந்து அவள் முகத்துக்கு நேராக நின்றாள். அடிப்பாள் என்று உலகம்மாள் நினைத்தாள். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

"நீ சொல்லாமலே இருந்திருக்கலாமே" என்றாள் மாடத்தி.

"சொல்லாம இருந்துதான் இப்படி ஆச்சு."

உலகம்மாள் பதிவு மேசையில் இருந்த குமாஸ்தாவிடம் போய், இதைத் திருத்திப் பதியச் சொன்னாள். அந்த ஆள் கெட்டவன் இல்லை. கணினியைத் திறந்து அந்தச் சனிக்கிழமைகளை எடுத்தான். உங்கள் வீட்டுக்காரர் கேஸ் என்ன ஆகும் என்று தெரியுமா என்று தாழ்ந்த குரலில் கேட்டான். தெரியும் என்றாள். அவன் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அங்கே இரண்டே கட்டம்தான் இருந்தது. வந்தார். வரவில்லை.

"எதைப் போடட்டும்?"

"பங்கு போட்டுக்கிட்டாங்கன்னு போடுங்க. அதனாலதான் அந்தப் பையன் தேறினான். ரெண்டு நாளால இல்ல."

"அப்படி ஒரு கட்டமே இல்லையேம்மா."

அப்போது அவளுக்கு வந்த கோபத்தில் சத்தமே இல்லை. "அப்ப அந்தக் கட்டத்தைப் போடுத வரைக்கும் நாங்க இங்கயேதான் இருப்போம்" என்று சொல்லிவிட்டு மேசைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். நாங்க என்று எந்தத் தைரியத்தில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பின்னால் திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்தில் சேலை சரசரத்தது. மாடத்தி காலை மடக்கி உட்கார்ந்துகொண்டிருந்தாள். இன்னும் உலகம்மாளின் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. "நகர்ந்து உக்காரு" என்றாள். "பின்னால ஆளு வருதாங்க."